சாலைக் கடைத்தெருவுக்கு வந்த குளிர்

சித்திரை வெயில் கொளுத்தும் மேட மாதத்தில் திருவனந்தபுரம் நகரத்திலேயே தேங்காய் எண்ணெய் உறைந்து கிடந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் கோலப்பனின் வீடு. காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போன கோலப்பன் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தார், உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், கடைசியில் ஈர்க்குச்சியை விட்டுக் குத்தி ஒரு வெள்ளைக் கட்டியை வெளியே எடுத்தார். பக்கத்து வீட்டில், அதே செக்கில் வாங்கிய எண்ணெய் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் புதிதாக வந்த சாமான் எதுவும் இல்லை. முந்தின நாள் அவர் மனைவி நீலாம்பாள் தைத்து முடித்துக் கட்டிலில் விரித்த ஒட்டுப்போர்வை ஒன்றுதான் புதிது.

நீலாம்பாள் துணித்துண்டுகளை எறிய மனமில்லாதவள். சாலைக் கடைத்தெருவில் ஒர்க்‌ஷாப்காரர்கள் கிரீஸ் துடைக்க வாங்கும் வேஸ்ட் துணி, மூட்டை மூட்டையாக விற்கும் கடை ஒன்று உண்டு. அந்த மூட்டையைப் பிரித்து நல்லதாகப் பொறுக்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். மிக்சிக்கு உடுப்பு தைத்தாள். ஃப்ரிட்ஜின் தலைக்கு முக்காடும் கைப்பிடிக்கு உறையும் தைத்தாள். காஸ் சிலிண்டருக்குச் சுருக்கு வைத்த பாவாடை, டிவி ரிமோட்டுக்குப் பை, மிதியடி, கரித்துணி, அந்தக் கரித்துணிக்கே மாட்டிவிட ஒரு சட்டை, எல்லாம் தைத்தாள். ஒருநாள் உஷ்ணம் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த கோலப்பனிடம், "சட்டையப் போடுங்க, வாசல்ல ஆளு போகுதுலா. ஃப்ரிட்ஜே போட்டுட்டு நிக்கு," என்றாள். சந்தில் அந்த வார்த்தை வெகுநாள் ஓடியது.

இருவருக்கும் தகராறு என்று ஒன்று உண்டென்றால் அது மின்விசிறிதான். காற்று நேரே பட்டால் கோலப்பனுக்குக் காது குடையும், தலையில் நீர் கோத்துக்கொள்ளும். விசிறி சுற்றாவிட்டால் நீலாம்பாளுக்கு மூச்சு முட்டும். கல்யாணமான புதிதில் ஒருவர் போடுவதும் ஒருவர் அணைப்பதுமாக இருந்தது. பிறகு ஒன்றில் வை, இரண்டில் வை என்று பேச்சுவார்த்தை நடந்தது. மகள் ஆர்யா பிறந்து, படித்து, கல்யாணமாகிக் கழக்கூட்டத்தில் புகுந்த வீட்டுக்குப் போன அன்று கோலப்பன் தலையணையை எடுத்துக்கொண்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறைக்குப் படுக்கப் போனார். போனவர் வருஷக்கணக்காக இறங்கவில்லை; சாப்பிடவும் குளிக்கவும் வருவார், அவ்வளவுதான். தகரத்தின் கீழே அவர் வெந்தார், விசிறியின் கீழே அவள் தூக்கம் வராமல் கிடந்தாள், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலே இருந்து ஒரு மிஸ்டு கால் வந்தால் சாயா, இரண்டு வந்தால் வெந்நீர். நீலாம்பாள் அடிக்கடி போனை எடுத்துவிடுவாள்.

"எதுக்கு எடுக்கே? மிஸ்டு கால்னா அது மிஸ்ஸாகணும்லா?"

"கை தெரியாம பட்டுட்டு. சரி, எடுத்தாச்சு. மேல என்ன வர்த்தமானம்?"

"மேல என்ன வர்த்தமானம் இருக்கும்? தகரம் இருக்கு."

அவ்வளவோடு அவர் வைத்துவிடுவார். அவள் போனைக் கொஞ்சநேரம் காதிலேயே வைத்திருப்பாள். மாடிக்கும் கீழுக்கும் பதினாறு படிதான். அதை இறங்கி அவர் வந்து கட்டிலின் மறுபக்கத்தில் படுக்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவளுக்கு வரவில்லை.

போர்வை யோசனை ஆர்யா சொன்னது. "அம்மா, எங்க மிக்சிக்கு ஆறு உடுப்பாச்சு. இனி வேற எதாவது தச்சாலென்ன?" என்று கேட்டு, வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி துண்டுத்துணியில் போர்வை தைக்கும் வீடியோவை அனுப்பினாள். கோலப்பன் அதைப் பார்த்துவிட்டு, "திருவனந்தபுரத்துல போர்வையா? மீனுக்குக் குடை தச்சுக் குடு," என்றார். அந்த அம்மாள் மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி வைத்து நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்றைப் பரப்பினாள். அது என்னவென்று நீலாம்பாளுக்குப் பிடிபடவில்லை. இலவம்பஞ்சு வைத்தால் மெத்தையாகிவிடும், உஷ்ணம் வேறு. மலைப்பக்கத்தில் இருந்து வந்த மூட்டை ஒன்றில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டுகள் நிறையக் கிடந்தன. கிரீஸ் துடைக்கவும் ஆகாது என்று கடைக்காரர் சும்மா தள்ளிவிட்டது. மேலே பூப்போட்ட ரவிக்கைத் துண்டுகள், கீழே பழைய வேட்டி, நடுவில் அந்தக் கம்பளி என்று பரப்பி, விரற்கடைக்கு ஒரு தையலாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிவிட்டாள். போர்வை தைத்துப் பழகிய ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால், கம்பளி எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருப்பார்கள். இந்த ஊரில் அதற்கு ஆள் ஏது.

எண்ணெய் உறைந்த அன்று மதியம், அதைப் பற்றி முறையிடக் கோலப்பன் படுக்கை அறைக்குள் வந்தார். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றார். தரை மலைப்பாறை போல் சில்லிட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபேன் ஓடலியே?"

"ஓடல."

"உனக்கு மூச்சு முட்டலியா?"

"இல்ல. குளிருகுலா."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு காலை மேலே எடுத்து வைத்தார். பிறகு போர்வைக்குள் போய்விட்டார். மறுநாள் தலையணையும் கீழே வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பேசிய பேச்சைச் சந்தே கேட்டது. இத்தனை வருஷத்தில் மிஸ்டு காலில் சொல்ல முடியாமல் போன எல்லாவற்றையும் நீலாம்பாள் ஒழுங்காக, மூத்தது முதலில் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய அக்காள் மகனின் விவாகரத்து அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. அதற்குள் அவன் மறுகல்யாணமும் செய்து இரண்டு பிள்ளைகள் பெற்றிருந்தான். குளிரில் சில அசௌகரியங்களும் இல்லாமல் இல்லை. இட்லி மாவு புளிக்க மறுத்தது, உளுந்து உளுந்தாகவே இருந்தது. ஆனாலும் சந்தில் பூக்கட்டுகிறவர்கள் பிச்சிக்கூடையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள அந்த வீடு உபயோகப்பட்டது. பேசும்போது இருவர் வாயிலிருந்தும் புகை வந்தது. கோலப்பன் வாழ்நாளில் பீடி குடித்ததில்லை என்பதால் அதை மிகவும் ரசித்தார்.

இதே நாட்களில் பொன்முடி மலையில் ஆட்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். பிறகு சட்டையையும் கழற்றினார்கள். மலையின் மூடுபனி, அங்கே அதற்கு மூடல்மஞ்சு என்று பெயர், ஒரு காலையில் கொண்டைஊசி வளைவுகளில் ஒழுங்காக இடப்பக்கமே ஒதுங்கி இறங்கி, விதுரா வழியாக நெடுமங்காடு வந்து, நகரத்துக்குள் தம்பானூர் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நின்றது. ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் அனில் வழக்கம்போல் தலையை வெளியே நீட்டி, "எவிடேக்கா? சாலைக்கா?" என்று கேட்டார். அது சவாரிக்கு மசியாமல் நடந்தே போய், சாலைக் கடைத்தெரு வழியாக அரிசி மூட்டைகளுக்கும் பக்கெட் கடைகளுக்கும் நடுவே ஊர்ந்து, கோலப்பன் வீட்டுப் படியில் நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டு படுத்தது. நீலாம்பாள் தினமும் காலையில் அதைத் துடைப்பத்தால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கோலம் போட்டாள்.

மூடல்மஞ்சு போன வழியைக் கேட்டுக் கேட்டு ஒரு மத்தியானம் இருவர் வந்தார்கள். ஒருவர் பிஜு, விதுராவில் பொன்முடி போகிற ரோட்டில் சாயாக்கடை வைத்திருப்பவர். மற்றவள் சுடலைமாடத்தி; போணக்காடு தேயிலை எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளியவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பிஜு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சேச்சி, ஒரு குளிரு இங்க வந்துதா?" என்று கேட்டார்.

"எந்தக் குளிரு? இந்த ஊர்ல ஏது குளிரு?" என்றாள் நீலாம்பாள். அவள் வாயிலிருந்து புகை புகையாக வந்தது.

"சேச்சி சிகரெட்டு வலிக்கியளா?"

"வலிக்கேன். உமக்கென்ன?"

சுடலைமாடத்தி ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். போர்வையின் ஒரு மூலையைத் தூக்கி மூக்கில் வைத்தாள். "எங் கம்பளிதான். இதைப் போட்டுக்கிட்டுத்தான் நான் கொழுந்துக்குப் போவேன். மருமவ புது ஸ்வெட்டரு வாங்கித் தந்துட்டு, இத வெட்டிப் பழைய துணிக்காரனுக்குப் போட்டுட்டா. ஏம்மா, அம்புட்டு வருசமும் எந் தோளுல ஏறி வந்த குளிரும்மா. வேற யார் கூடயும் அதுக்குப் பழக்கமில்ல. கம்பளி எங்க போவுதோ அங்கதான் வரும்."

பிஜு தன் கஷ்டத்தைச் சொன்னார். பொன்முடிக்கு வருகிறவர்கள் இப்போது சாயா கேட்பதில்லை, நன்னாரி சர்பத் கேட்கிறார்கள். கொழுந்து வாடுகிறது. அட்டைகள்கூட ரோட்டோரம் நிழல் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. கோலப்பன் எல்லாவற்றையும் கேட்டார். சாலையில் பருப்பு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதி ரிட்டயரானவர் அவர். "நீலா, சரக்கு மாறி வந்தா திருப்பி அனுப்பணும். அதாக்கும் முறை," என்றார்.

நீலாம்பாள் போர்வையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அனுப்புங்க. அனுப்பீட்டு மேல போயி மிஸ்டு கால் அடிங்க. ஒண்ணுக்கு சாயா, ரெண்டுக்கு வெந்நீர். அதானே உங்களுக்கு வேணும்?"

பிஜுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுடலைமாடத்தி மாடிப்படியைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள், கோலப்பனைப் பார்த்தாள். பிறகு வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"இதுக்குத்தானா? எங்க ஆளு கொறட்ட விட்டாரின்னா லயத்து வீட்டுல ஓடு ஆடும். நான் காதுல பஞ்ச வச்சி அடச்சிக்கிட்டேன். ஆள ஓட்டு மேல படுக்கப் போடலியே!"

நீலாம்பாளுக்கு முகம் சிவந்தது. குளிரில் அது நன்றாகத் தெரிந்தது.

கம்பளியை மட்டும் உருவி எடுத்துவிடலாம் என்று பிஜு சொன்னார். ஒரு மூலையில் இரண்டு தையலைப் பிரித்தார்கள். அந்த ஓட்டையிலிருந்து அடித்த அடியில் சுவரில் இருந்த பல்லி விறைத்துக் கீழே விழுந்தது, டம்ளரில் இருந்த தண்ணீர் டம்ளரோடு கட்டியாகி நின்றது. நீலாம்பாளே பதறிப்போய் ஊசியெடுத்துத் தைத்து மூடினாள். அதற்குப் பிறகு பிரிக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது பங்கு வைப்பதுதான். சனியும் ஞாயிறும் தங்களுக்குக் கட்டாயம் வேண்டும், அப்போதுதான் டூரிஸ்டுகள் வருவார்கள் என்றார் பிஜு. செவ்வாய் முதல் வெள்ளி மத்தியானம் வரை எனக்கு என்றாள் நீலாம்பாள். நடுவில் ஓணமோ பொங்கலோ வந்தால் பேசிக்கொள்ளலாம் என்றாள் சுடலைமாடத்தி. கொண்டுபோகவும் கொண்டுவரவும் அரசு பஸ் இருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமை கோலப்பனும் நீலாம்பாளும் போர்வையைச் சுருட்டித் தம்பானூருக்குக் கொண்டுபோய் விதுரா பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் வைத்தார்கள். மூடல்மஞ்சு படியேறிப் பின்னால் நின்றுகொண்டது. கண்டக்டர் வந்து, "இது ஆளா, லக்கேஜா?" என்று கேட்டார். கூட்டிப்போக வந்திருந்த பிஜு, "ரெண்டும் இல்ல சாரே, காலாவஸ்தையாக்கும்," என்றார். கண்டக்டர் டிக்கெட் மிஷினில் கொஞ்சநேரம் தேடினார். வானிலைக்கு அதில் பொத்தான் இல்லை. மூத்த குடிமகள் என்று அடித்துக் கொடுத்துவிட்டு, தானும் அந்த சீட்டின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமாக நெருங்கியதில், வண்டி பாளையம் வரை சாய்ந்தே போனது.

வீட்டுக்கு வந்தபோது எண்ணெய் உருகியிருந்தது. நீலாம்பாள் விசிறியைப் போடவில்லை, மிஷினில் போய் உட்கார்ந்தாள். படுக்கிற நேரம் வந்ததும் கோலப்பன் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் முதல் காலை வைத்தார்.

"நில்லுங்க."

நின்றார்.

"தலையக் காட்டுங்க."

பூப்போட்ட ரவிக்கைத் துண்டுகளை அடுக்கி, இரண்டு பக்கமும் காதுக்கு மட்டை வைத்து, தாடையில் கட்டிக்கொள்ள நாடாவும் வைத்து ஒரு குல்லாய் தைத்திருந்தாள். மட்டைக்குள் இலவம்பஞ்சு. அவர் தலையில் மாட்டி நாடாவை முடிச்சுப் போட்டாள்.

"இது மிக்சி அளவுலா?"

"மிக்சிக்கு காது உண்டா?" என்று சொல்லிவிட்டு, நீலாம்பாள் விசிறியை மூன்றில் வைத்தாள். "காத்து படுகா?"

"என்ன?"

"காத்து படுகான்னு கேட்டேன்!"

"ஒண்ணும் கேக்கல," என்றார் கோலப்பன். கட்டிலில் போய்ப் படுத்து, அவள் பேசுவதைப் பார்ப்பதற்கு வசதியாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சத்தம் போட்டுப் பேசினாள்.

இப்போதும் அப்படியே நடக்கிறது. செவ்வாய்க்கிழமை விதுராவில் இருந்து வரும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். பிஜுவின் கடையில் வெள்ளி சாயங்காலம் முதல் சாயா, செவ்வாய் முதல் சர்பத். சாலையில் வேஸ்ட் துணிக் கடைக்காரர் மூட்டையை விற்கும் முன் உள்ளே கைவிட்டுப் பார்த்து, சில்லென்று எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார். சுடலைமாடத்தி ஓணத்துக்கு வந்து தங்கிவிட்டுப் போனாள். அவள் போன அன்று மூடல்மஞ்சு படிவரை வந்து வழியனுப்பியது. கோலப்பனுக்கு இப்போது வாரத்துக்கு மூன்று குல்லாய் மாற்றிக்கொள்ள இருக்கிறது. போர்வை வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் இட்லி மாவு கீழே புளிப்பதில்லை. அதனால் நீலாம்பாள் அரைத்த மாவை மாடிக்கு எடுத்துப்போய், தகரக் கூரையின் கீழே கோலப்பன் படுத்திருந்த கட்டிலில் வைத்து, வாய்க்குத் துணி கட்டிவிட்டு வருகிறாள். அங்கே நல்ல சூடு. மாவு பானை நிறையப் பொங்குகிறது.