தோளைப் பூட்டிய இஸ்பேட் வீறு

கழன்றுபோன என் வலது தோள்மூட்டைத் திரும்பப் பூட்டியது ஓர் இஸ்பேட் வீறு. ஆம், சீட்டுக்கட்டில் இருக்கும் ஜாக்தான். எலும்பு உள்ளே விழுந்த சத்தத்தில் காரைநகர்க் கடலில் மீன்கள் துள்ளின. நம்பாதவர்கள் பொன்னம்பலத்தைக் கேட்கலாம். சீட்டில் அவர் என் எதிரி. எனக்காகப் பொய் சொல்லமாட்டார்.

வட்டுக்கோட்டையில் ஓய்வூதியக்காரர் நாலு பேர் பின்னேரங்களில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவோம், இரண்டு இரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்து. சீட்டை மெதுவாக வைப்பது எங்களிடம் மரியாதைக்குறைவு. தலைக்கு மேலே கையை ஓங்கி அடிக்க வேண்டும். அன்று நான் அடித்த அடியில் மேசைக்கால்கள் ஒரு முழம் நிலத்துக்குள் இறங்கின. தோள் மட்டும் வெளியே வந்துவிட்டது.

"தோக்கப்போறன் எண்டு தெரிஞ்சதும் நடிக்கிறீர் காணும்," என்றார் பொன்னம்பலம்.

என் கூட்டாளி இஸ்ஸதீன் என் சேட்டுக் கழுத்தை விலக்கிப் பார்த்தார். உருண்டைத் தோள் பெட்டிமூலைபோல் நின்றது. "இது நடிப்பில்லை. ஓட்டோவைக் கூப்பிடுங்கோ!"

பொன்னம்பலமும் அவருடைய கூட்டாளியும் ஏறிக்கொண்டார்கள். ஆட்டத்தில் இன்னும் மூன்று பிடி மிச்சம். நாலு பேரின் சீட்டுகளும் பொன்னம்பலத்தின் சேட்டுப் பை, காற்சட்டைப் பைகள் இரண்டு, மடக்கிய குடை என்று தனித்தனியே பயணம் செய்தன.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தனுஷா எக்ஸ்ரே பார்த்தார். முறிவில்லை. பஞ்சை எடுத்துக்கொண்டு, "தோளிலை தொடுறது தெரியுதோ ஐயா?" என்றார்.

"புயலடிச்ச மாதிரித் தெரியுது பிள்ளை."

"நான் இன்னும் தொடேல்லை."

பிறகு தொட்டார். தோளின் வெளிப்புறத்தில் ஒன்றுமே தெரியவில்லை. என் பகிடி வற்றிப்போனது.

"எலும்பு நரம்பை அமத்துது. கெதியாய் உள்ளை போகவேணும். பிந்தினால் கையைத் தூக்கேலாமல் போனாலும் போகும்."

ஓங்க முடியாத கையோடு நான் எதற்கு?

ஊசி போட்டு, உயரக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, தொங்கிய கையில் ஐந்து கிலோ பாரம் கட்டினார். "தசை தளர்ந்தால் தன்பாட்டிலை பூட்டும். இறுக்கிப் பிடிக்காதேங்கோ." பயத்தில் பனங்குற்றிபோல் விறைத்துக் கிடந்தேன். பத்து நிமிடம் போயிற்று. "இன்னும் கொஞ்சம் பாப்பம். இல்லாட்டி மயக்கித்தான் இழுக்கவேணும்."

அப்போது என் மூக்குக்கு நேர்கீழே ஒரு வழுக்கைத் தலை தோன்றியது. தரையில் சம்மாணம் கட்டி, பொன்னம்பலம் சீட்டுகளைப் பிரித்தார். "ஆட்டம் முடியேல்லை. இடக்கை இருக்குத்தானே?"

இஸ்ஸதீனும் பொன்னம்பலத்தின் கூட்டாளியும் குந்தினார்கள். டொக்டர் கட்டிய பாரத்தைச் சரிபார்த்தார். "வலக்கையை மட்டும் ஆட்டாதேங்கோ."

முதற்பிடி பொன்னம்பலத்துக்கு. அடுத்து இஸ்பேட் ஒன்பதை இறக்கி இளித்தார். இஸ்பேட்தான் துரும்பு, மற்ற இனங்களை வெட்டும். 304இல் துரும்பு ஒன்பதை வெல்ல வீறு ஒன்றால்தான் முடியும். வீறு தன் கூட்டாளியிடம் என்று முடிவுகட்டியிருந்தார். வழியில் அவர் எங்கள் சீட்டுகளை எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

வாழ்நாளில் முதல்முறையாகச் சீட்டை மெதுவாகப் போட்டேன். வீறு மிதந்து மிதந்து போய் அவருடைய ஒன்பதின்மேல் இறங்கியது. அந்த முகத்தை மேலிருந்து பார்த்தேனே! சிரித்த சிரிப்பில் கால்விரல்வரை தளர்ந்துபோனேன்.

டொக்.

"பூட்டிட்டுது!" என்றார் டொக்டர்.

"வீறு செய்த வேலை," என்றேன்.

"வீறும் மண்ணாங்கட்டியும்! பாரம் இழுத்தது," என்றார் பொன்னம்பலம்.

டொக்டர் என்னை எழுப்பி இருத்தி, கையைத் துணியில் தூக்கிக் கட்டினார். "கண்ணை மூடுங்கோ ஐயா. இனிப் புளுகக்கூடாது. தொட்டால் மட்டும் சொல்லுங்கோ."

மூச்சையும் பிடித்துக்கொண்டு இருந்தேன். தோளின் வெளிப்புறத்தில், செத்துக் கிடந்த அதே இடத்தில், மெல்லிதாக ஏதோ உரசியது.

"இப்ப! இப்ப தொட்டியள்!"

"ஐயா, நான் பஞ்சே எடுக்கேல்லை," என்றார் அவர் சலிப்போடு.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். "அது நான், டொக்டர்," என்றது பொன்னம்பலத்தின் குரல். "உந்த வீறின்ரை முனையாலை உரசிப் பாத்தனான். மனுசன் உண்மைதான் கதைக்கிறார்." கண்ணைத் திறந்தேன். வீறை என் மடியில் வைத்தார். "பூட்டினதும் உதுதான். சீட்டு விழ எலும்பு விழுந்தது. கீழை இருந்து பாத்தனான், ஓம்."