பாஸைக் கேட்டுவிட்டுப் போ

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் விசைப்பலகை வரைவது அவள் வேலை. எந்த எழுத்து எங்கே உட்கார வேண்டும், எந்த விசைக்கு எவ்வளவு அகலம், எதை எவ்வளவு ஆழம் அழுத்தினால் விரல் நோகாது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அலுவலகத்தில் அவளை விசைக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பழகிவிட்டது.

ஒவ்வொரு புது மாதிரி வரும்போதும் வலது மேல் மூலையில் ஒரு சண்டை வரும். அங்கே சில விசைகள் வரிசையாகக் கிடக்கும். திரை ஓடாமல் பூட்டுவதற்கு ஒன்று, எழுத்தின் மேல் எழுத்தை ஏற்றுவதற்கு ஒன்று, ஓடும் வேலையைச் சற்று நிறுத்தி வைக்க 'பாஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒன்று. கணினித் திரையில் வெறும் எழுத்து மட்டுமே ஓடிய காலத்தில் யாருக்கோ பயன்பட்டவை. இப்போது தவறிப்போய்க் கை பட்டால்தான் அவை இருப்பதே பலருக்குத் தெரியும்.

"இந்த ஓரத்துல இருக்கறதை எல்லாம் தூக்கிடலாம் சார்," என்றாள் மேலாளரிடம்.

"இருந்துட்டுப் போகட்டுமே. உன்கிட்ட சோறா கேக்குது?"

"இடம் கேக்குது சார். அம்புக்குறியை எல்லாம் எலி கடிச்ச மாதிரி சுருக்கி வெச்சிருக்கோம்."

"எடுத்தப்புறம் எவனாவது போன் பண்ணி, என் பொழைப்பே அந்தக் கீயிலதான் ஓடுதுன்னு கத்துவான். அப்ப யார் பதில் சொல்றது?"

இதைத்தான் அவருக்கு முன்னால் இருந்த மேலாளரும் சொன்னார். எடுத்தது நீதானே என்று நாளைக்கு ஒருத்தன் கேட்டுவிடுவானோ என்ற பயத்திலேயே அந்த விசைகள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துக் கிடந்தன. ஆனால் இந்த முறை வரப்போவது மெல்லிய, சின்ன மாதிரி. எனவே மேலாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். "பாஸ் கீயை யாரும் தொடறதே இல்லைன்னு காட்டு. எடுத்துடலாம்."

காட்டுவதற்கு அவளுக்கு ஒரு வழி தெரியும். வாடகைக்குப் போன கணினிகள் திரும்பி வந்து குவியும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. எந்த விசை தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், யார் எதைத் தொட்டார்கள் என்று தெரிந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்தவர் விசைப்பலகையைத் திறந்து பார்ப்பது அடுத்தவர் வாயைத் திறந்து பார்ப்பது போல. விசையை நெம்பி எடுத்தால் கீழே தலைமுடி, கடித்துத் துப்பிய நகம், காய்ந்து பிசினாகிப்போன தேநீர், ஏதோ பூச்சியின் கால்கள். ஒன்றில் ஒரு பல்லின் துணுக்கு இருந்தது. அது பல்தானா என்று உற்றுப் பார்த்தவள், பார்த்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தாள். இத்தனை அழுக்குக்கு நடுவிலும் பாஸ் விசை மட்டும் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

கடைசி அடுக்கைத் திறந்ததும் திருப்தி போயிற்று.

அந்த அடுக்கிலிருந்த ஒவ்வொரு கணினியிலும் பாஸ் விசை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மேலே எழுதியிருந்த எழுத்தே இல்லை. சுற்றிலும் பழுப்பாக, விரலின் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து வரப்புக் கட்டியிருந்தன. மற்ற எழுத்துகள் ஒன்றும் இவ்வளவு தேயவில்லை. எங்கிருந்து வந்தவை என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பல நிறுவனங்களுக்காகத் தொலைபேசியில் பதில் சொல்லும் ஒரு பெரிய சேவை மையம். அவளுடைய நாத்தனார் வேலை பார்க்கும் இடம்.

நாத்தனார் இவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். சாயங்காலம் சாப்பிடும்போது விசைக்காரி கேட்டாள்.

"உங்க ஆபீஸ்ல அந்த மூலையில இருக்கற கீயை எதுக்கு அழுத்தறீங்க?"

சின்னவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "சாப்பிடறப்ப எதுக்கு அண்ணி அது?"

"வேலை விஷயம்டி. சொல்லு."

"பாத்ரூமுக்கு," என்றாள் சின்னவள். "சீட்டை விட்டு எழுந்திருக்கணும்னா அதை அழுத்தணும். வந்து உக்காந்ததும் மறுபடி அழுத்தணும். நடுவுல ஆற நேரத்தை மெஷின் எண்ணும். பாஸைக் கேட்டுட்டுப் போன்னு எங்களுக்குள்ள சொல்லிச் சிரிச்சுக்குவோம்." அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு ஷிஃப்டுக்கும் ஒரே மெஷின். நான் விரலை வெக்க மாட்டேன். விரல் முட்டியால இடிச்சுட்டுப் போயிடுவேன். வரும்போது எத்தனை பேர் கை கழுவறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

பக்கத்தில் இருந்த அவள் அண்ணன், லிஃப்டு பழுது பார்ப்பவன், "சாப்பிட விடுங்கம்மா," என்றான்.

சில நாள் கழித்து விசைக்காரி அந்த மையத்துக்கே போனாள். விற்பனைப் பிரிவிலிருந்து ஒட்டகமும் கூட வந்தான். அடுத்தவர் திரையை எட்டிப் பார்த்துப் பார்த்தே கழுத்து நீண்டுவிட்டது என்று அவனுக்கு அந்தப் பேர். மையத்தின் கண்காணிப்பாளர் வாசலிலேயே வரவேற்றார். ஓயாமல் பேனா மூடியால் காதைக் குடைவது அவர் பழக்கம். அதே மூடியால் சுவரில் இருந்த பெரிய திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கினார்.

"ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கட்டம். பச்சைன்னா பேசிட்டிருக்காங்க. சிவப்புன்னா எழுந்து போயிருக்காங்க. பக்கத்துல ஓடுது பாருங்க, அதான் நேரம். எவ்வளவு சுத்தமா இருக்கு!"

அறை நிறைய ஆட்கள், தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி இருந்தார்கள். ஜன்னல் திறக்க வழியில்லை. வாய்நாற்றமும் வியர்வையும் அறை மணத்துக்காக அடித்த ஏதோ செயற்கைப் பூவாசனையும் சேர்ந்து தொண்டையில் ஒட்டின. மூன்றாவது வரிசையில் சின்னவள் இருந்தாள். அண்ணியைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் பார்வையைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க," என்று யாரிடமோ பணிவாகச் சொன்னாள். அவள் கை வலது மேல் மூலைக்குப் போயிற்று. பாஸை அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் வாந்தி எடுத்தாள். மேஜையிலும் மடியிலும் விசைப்பலகையிலும். எழுந்து ஓட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. சுவரில் அவள் கட்டம் சிவந்து, எண் ஓடத் தொடங்கியது.

அக்கம்பக்கத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். சின்னவள் மட்டும் பையிலிருந்து காகிதக் கற்றையை எடுத்தாள். எடுத்தவள் முதலில் தன் பாஸை விரல் முட்டியால் இடித்தாள். சுவரில் இன்னொரு கட்டம் சிவந்தது. பிறகு போய் அந்தப் பெண்ணின் வாயைத் துடைத்து, முடியை ஒதுக்கி, நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். ஒரு கண் சுவரிலேயே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் கண்காணிப்பாளர். குரலில் அப்படி ஒரு பெருமிதம். "அந்த நேரத்துலயும் கை தானா அங்க போகுது. இதுக்குப் பேர்தான் பயிற்சி."

"அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்புங்க சார்," என்றாள் விசைக்காரி.

"அனுப்புவோம், அனுப்புவோம். ஷிஃப்டு முடியட்டும்." பேனா மூடி மறுபடி காதுக்குள் போயிற்று.

ஒட்டகம் கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் கேட்டான்: "கீ இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருந்தா அவங்களுக்கு வசதியா இருந்திருக்கும்ல?"

அவன் கிண்டல் செய்கிறானோ என்று விசைக்காரி அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. மனதார, அக்கறையோடுதான் சொன்னான்.

அன்று வீட்டுக்கு வந்த சின்னவள் நேரே குளியலறைக்குப் போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். ஈரத் தலையோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"அந்தக் கீயை எடுக்கப் போறீங்களா அண்ணி?"

"எடுக்காம? மனுஷங்க பண்ற காரியமாடி அது? நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

"எடுக்காதீங்க."

விசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"மேல் மாடியில முன்ன ஒரு தடவை அந்தக் கீ இல்லாத மெஷின் வந்துது," என்றாள் சின்னவள். "அப்ப வாசல்ல ஒரு ஆளை உக்கார வெச்சாங்க. எழுந்து போறவங்க எதுக்குப் போறோம்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போகணும். மாசத்துல அந்த நாள் வந்தா அதையும் சொல்லணும். போன வாரம்தானே சொன்னீங்கன்னு அவர் திருப்பிக் கேப்பாரு. கீ எதுக்குன்னு கேக்காது அண்ணி. அது எண்ண மட்டும்தான் செய்யும்."

"வேலையை விட்டுடேன்."

"விட்டுட்டு? போற இடத்துலயும் ஏதாவது ஒண்ணு வெச்சிருப்பான்." சின்னவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்டா, தெரியுமா? என்கிட்ட இல்ல. சூப்பர்வைசரைப் பாத்து. மெஷின் கெட்டுப்போச்சேன்னு."

விசைக்காரி அன்று இரவு முழுக்க யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. எடுத்தால் வாசலில் ஆள். வைத்தால் சுவரில் எண். தேவையில்லாத விசை என்று இத்தனை வருடம் சண்டை போட்டவள், இப்போது அதை இருந்த இடத்தில், இருந்த அளவிலேயே விட்டுவிடும்படி எழுதினாள். கூடவே, மையத்தில் கண்டதை ஒளிக்காமல் எழுதினாள். வாந்தி, காகிதக் கற்றை, சிவப்புக் கட்டம் எல்லாமே. இந்த வாடிக்கையாளரோடு நாம் தொழில் செய்யத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தாள்.

மேலாளர் கூட்டத்தில் அவளை முதுகில் தட்டாத குறை. "இவ்வளவு ஆழமா யாரும் பயனரைப் பாத்ததில்லை. வாந்தி எடுக்கற நேரத்துலயும் தேடுறாங்கன்னா, அது எவ்வளவு முக்கியமான கீ! ஒட்டகம் சொல்ற மாதிரி அகலத்தைக் கூட்டுவோம். ஒரு மேடு வைப்போம். விரலுக்குத் தானா தட்டுப்படணும்."

"நான் கடைசியா ஒண்ணு கேட்டிருந்தேனே சார்."

"படிச்சேம்மா. அது நம்ம வேலை இல்ல."

"சார், உங்க மெஷின்லயும் அதே கீ இருக்கு. நீங்க காலையில இருந்து ரெண்டு தடவை எழுந்து போனீங்க. அழுத்திட்டா போனீங்க?"

யாரோ இருமினார்கள். மேலாளர் காது சிவந்தது. "தமாஷ் போதும். வரையறதைப் பாரு."

"நான் வரைய மாட்டேன்."

அவள் வரையவில்லை. வேறொருவர் வரைந்தார். யார் வரைந்தால் என்ன, வேலை நிற்கவில்லை. அம்புக்குறிகளை இன்னும் கொஞ்சம் நசுக்கி பாஸுக்கு இடம் செய்தார்கள். ஒரு காலை அவள் உள்ளே நுழையும்போது வரவேற்பறைத் திரையில் அவளுடைய படமே பெரிதாகத் தெரிந்தது. கீழே, 'பயனர் குரலுக்குச் செவிசாய்த்தவர்' என்று போட்டிருந்தார்கள். அடையாள அட்டைக்காக எடுத்த படம். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தை எடுங்கள் என்று வரவேற்பாளரிடம் சொன்னாள். தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். தினமும் அந்தப் படத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. பிறகு பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினாள்.

புதுக் கணினிகள் சின்னவளின் மையத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்று, சாப்பாட்டு மேஜையில் அவள் தானாகவே பேச்செடுத்தாள்.

"நல்லா இருக்கு அண்ணி. பாக்காமலே இடிக்கலாம். முட்டி கூட வலிக்கல."

"உங்க அண்ணி ஆபீஸ்ல பண்ணதாச்சே," என்றான் அண்ணன். அவன் மனைவியின் படத்தை வரவேற்பறையில் யாரோ பார்த்துவிட்டு அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

விசைக்காரி கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். அது நல்லா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சின்னவளின் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது. அதை எப்படி அவளிடம் சொல்வது?

"என்ன அண்ணி?"

"வயித்தைப் பெரட்டுது." அவள் எழுந்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள் சின்னவள், அண்ணியின் தட்டை ஓரமாக நகர்த்தி மூடி வைத்தபடி. "மெதுவா வாங்க. இங்க யாரும் எண்ணல."