எட்டு வாரத்துக்கு மட்டும்

தொற்று பரவத் தொடங்கிய இரண்டாம் வாரமே அவளுக்கு வேலையை மாற்றிவிட்டார்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள், இனி காய்ச்சலோடு வருகிறவர்களின் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுக்க வேண்டும். வீட்டில் ஏழு வயது மகள், சிட்டு. கணவனைப் பிரிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தை அம்மாவிடம், சனி ஞாயிறு மட்டும் அப்பாவிடம் என்பது தீர்ப்பு. அதை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது அவளே குழந்தையைக் கொண்டுபோய் அவனிடம் விட வேண்டியதாயிற்று. அவன் கணக்கு வாத்தியார். பள்ளியை மூடிவிட்டதால் வீட்டிலிருந்தே போனில் பாடம் நடத்தினான். வழக்கை நடத்திய வக்கீலம்மா அவளை எச்சரித்தார்: குழந்தை அங்கே பழகிவிட்டால் அதையே காரணம் காட்டி அவன் மனுப் போடலாம், எதற்கும் எழுதி வாங்கிக்கொள்.

எட்டு வாரத்துக்கு மட்டும் என்று எழுதி எடுத்துப் போனாள். அவன் விடைத்தாள் திருத்துவதுபோல் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

"என் மேல இவ்வளவுதான் நம்பிக்கையா?"

"நம்பிக்கை இருந்திருந்தா கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டோமே."

முதல் வாரம் சிட்டு போனில் அழுதாள். மூன்றாம் வாரம், "நாங்க படம் பாத்துட்டு இருக்கோம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அந்த 'நாங்க' இவளைச் சுருக்கென்று குத்தியது. இரண்டே அறை வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். மகளின் துணிகளை மடித்து வைத்தாள், கலைத்தாள், திரும்ப மடித்தாள். வேலை முடிந்ததும் அவன் வீட்டு எதிர்ச்சாரியில் போய் நிற்பாள். மூன்றாம் மாடியிலிருந்து சிட்டு கையாட்டுவாள். ஒருநாள் பார்த்தால் குழந்தையின் முடி குட்டையாக வெட்டியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று போனில் சண்டை பிடித்தாள். கண்ணில் விழுகிறது, பேன் வேறு என்றான் அவன்.

ஐந்தாம் வாரம், மாதிரி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"எனக்குக் காய்ச்சல். ரெண்டு நாளாச்சு."

"ரெண்டு நாளா சொல்லாம என்ன பண்ணீங்க?"

"சொன்னா அவளைக் கூட்டிட்டுப் போயிருவே. அப்புறம் அனுப்பவே மாட்டியோன்னு பயம்."

கோபம் தலைக்கேறியது. ஆனால் அதே பயத்தோடுதானே இவளும் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள்.

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பினாள். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு. கதவைத் திறந்த சிட்டு ஒரு கணம் மிரண்டு நின்றாள். பிறகு, "அம்மாதானே? ஏன் காலைத் தேச்சுத் தேச்சு நடக்குறே?" என்றாள். முதலில் மகளின் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தாள். அடுத்து அவன் படுக்கையறை வாசலில் வந்து நின்று, தலையை அண்ணாந்து காட்டினான். நான்கைந்து நாளாகச் சவரம் செய்யாத முகம். கண்ணில் நீர் வழிந்தது. அது குச்சியினாலா என்று அவள் கேட்கவில்லை.

அவனுக்குத் தொற்று இருந்தது, குழந்தைக்கு இல்லை. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு சிட்டுவோடு பதினான்கு நாள் தன் வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். குழந்தை இப்போது அப்பாவைக் கேட்டு அழுதது. தினமும் சாயங்காலம் இவளே அவனைக் கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போனை மகளிடம் கொடுத்தாள். நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்து அவன் பிழைத்து வந்தான்.

உடம்பு தேறியதும் இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அவளுக்குச் சளி எடுக்கும் வேலை உள்ள வாரங்களில் குழந்தை அங்கே, மற்ற நாட்களில் இங்கே. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வக்கீலம்மாவுக்கு இதில் அவ்வளவு திருப்தியில்லை. அவளுக்கும் மனம் முழுதாக அடங்கவில்லை. அவன் சொன்னபடி நடப்பானா, நாம் நடப்போமா என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

சிட்டுவின் கவலை வேறு. அங்கே தலையணை கல் மாதிரி இருக்கிறதாம், இங்கே இருப்பது மாதிரியே ஒன்று வேண்டுமாம். பாதிக் கடைகள் சாத்திக் கிடந்த தெருவில் அன்று மத்தியானம் முழுக்க அவள் ஒரு தலையணைக்காக அலைந்தாள்.