முனையில் நின்றவள்

முப்பத்து நான்கு நாள், இருபது மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கூலாயில் வாசுகி அக்கா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது அவ்வளவு ஆகியிருந்தது. அவருடைய கணவர் ஜெயபாலன் அண்ணன் பாலமில்லாத ஓடைக்குள் மோட்டாரோடு விழுந்தது ஐந்து வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, பதினொரு மணி வாக்கில்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்கா எங்கள் மோட்டார் பயணக் குழுவின் மூத்தவரான காளிதாஸ் அண்ணனிடம் கேட்டிருந்தார். அந்தப் பாதையில் கார் போகாது. ஆண்களுக்குப் பின்னால் உட்கார மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். குழுவில் நான் ஒருத்திதான் பெண்.

"உன் மோட்டார்லதான் வருவாங்களாம். மெதுவா போ. நான் பின்னாலயே வர்றேன்," என்றார் காளிதாஸ் அண்ணன்.

சரி என்றேன். முடியாது என்று சொல்ல எனக்கு வராது.

அக்கா கம்பிக் கதவைத் திறந்து வந்து மோட்டாரை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல எப்படிமா ஏறுறது? ஏணி ஏதும் வச்சிருக்கியா?"

காளிதாஸ் அண்ணன் சிரித்தார். நான் கால்மிதியை இறக்கிக் காட்டினேன். வீட்டுக்குள் அவர்களுடைய மகள் சாந்தினி பள்ளிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இல்லை. நான் தேடுவதை அக்கா கவனித்துவிட்டார்.

"படம் அலமாரிக்குள்ள இருக்கு. எனக்குக் கோவம் ஆறட்டும், மாட்டுறேன்."

பிறகு உள்ளே பார்த்து, "சாந்தினி, சோறு இருக்கு, கொழம்ப சூடு பண்ணிக்கோ," என்றார். சாந்தினி புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள்.

"இவ எங்கிட்ட பேசுறதே இல்ல," என்றார் என்னிடம். "உங்கப்பா யார் சொல்லியும் கேக்காத ஆளு, அதனாலதான் நம்மள இப்படி விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொன்னேன். அன்னிக்கு வாய மூடுனவ."

கிளம்பினோம்.

எங்கள் பயணங்களில் யாரும் வரைபடம் பார்ப்பதில்லை. தோட்டத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. முதலில் போகும் செல்வா, பாதை பிரியும் இடத்தில் தனக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போவார். நிற்பவர், திரும்ப வேண்டிய பக்கத்தைக் கைகாட்டி எல்லோரையும் அனுப்ப வேண்டும். கடைசி மோட்டார் காளிதாஸ் அண்ணனுடையது. அவர் வந்த பிறகுதான் இடத்தை விட்டு நகரலாம். இதை முனை நிற்பது என்போம். முனையில் ஆள் இல்லையென்றால் நேராகப் போக வேண்டும் என்று பொருள். குழுவுக்கு வேறு விதி கிடையாது.

ஜெயபாலன் அண்ணன் விழுந்த அன்றைக்கு எட்டு மோட்டார்கள். கஹாங் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டம் ஒன்றுக்குள் என்னை முனை நிற்கச் சொன்னார்கள். இடப்பக்கம் போனால் அருவி. நேராகப் போகும் பாதையில் இருந்த மரப்பாலம் மழையில் போய்விட்டிருந்தது. அது எங்களில் யாருக்கும் தெரியாது. நான்கு பேர் என்னைக் கடந்து இடப்பக்கம் திரும்பினார்கள். ஜெயபாலன் அண்ணனும் காளிதாஸ் அண்ணனும் வரவில்லை. ஒருவருடைய மோட்டாரில் சங்கிலி கழன்று, மற்றவர் அதை மாட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. இருபத்தைந்து நிமிடம் நின்றேன்.

எனக்கு அது மாதவிடாயின் இரண்டாம் நாள். குளுவாங்கில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றிய நிலையத்தில் கழிப்பறை இருந்தது. ஏழு ஆண்களும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்கள். கொஞ்சம் இருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. முனையில் நின்றபோது இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. செம்பனை வரிசைக்குள் போனேன்.

மோட்டாரை அங்கேயே விட்டுப் போயிருக்கலாம். விட்டால், வருகிறவர் அதைப் பார்த்து நிற்பார், பேர் சொல்லிக் கூப்பிடுவார், தேடி உள்ளே வந்தாலும் வருவார். அதை நினைத்தே கூசியது. மோட்டாரையும் தள்ளிக்கொண்டு போய், வெட்டிப் போட்டிருந்த மட்டைக் குவியலுக்குப் பின்னால் மறைத்தேன். பதினொரு நிமிடம். நடுவில் ஒரு மோட்டார் போகும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போனது என்று மரங்களுக்குள் இருந்து தெரியவில்லை.

நான் திரும்பி வந்து நின்ற சற்று நேரத்தில் காளிதாஸ் அண்ணன் வந்தார். "ஜெயா போயிட்டானா?" என்றார். ஆமென்று தலையாட்டினேன். அருவிக்குப் போனால் அங்கே ஜெயபாலன் அண்ணன் இல்லை. "நீ கை காட்டுனதானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"காட்டுனேன்," என்றேன்.

போலீஸ் கேட்டபோதும் அதையே சொன்னேன். இரண்டு மணி பத்து நிமிடம் கழித்துத் தோட்டத் தொழிலாளர்கள் அவரை ஓடையில் கண்டார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கைகாட்டியும் அவர் நேராகப் போனார் என்றே அனைவரும் நம்புகிறார்கள். நம்புவது சிரமமில்லை. புதுப் பாதையைக் கண்டால் இறங்கி நின்று எட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஓர் அளவைத் தவறாக எழுதிவிட்டால் அதை அழிக்கக்கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐந்து வாரமாக அதை வேலையிடத்தில் மட்டும்தான் செய்கிறேன்.

லாயாங் லாயாங் ஊரைத் தாண்டியதும் வாகனங்கள் குறைந்தன. இரு பக்கமும் செம்பனை. வெயில் இன்னும் ஏறவில்லை. சாலையின் பள்ளங்களில் மழைநீர் நின்றது. அக்கா ஒரு கையால் என் தோளையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்திருந்தார்.

"சைக்கிள்காரன் முந்திட்டுப் போறாம்மா."

கொஞ்சம் வேகம் கூட்டினேன்.

"அலமாக்! அதுக்குன்னு இவ்ளோவா?"

குறைத்தேன். அவர் சிரித்தது முதுகில் அதிர்ந்தது. ஒரு மேட்டில் ஏறியபோது கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நின்றது. மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன.

"இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஆனா ஓடுவாரா?" என்றார் காதருகே. "ஒம்பது வருஷமா கூப்பிட்டாரு. துணி தொவைக்கணும், வீடு கூட்டணும்னு சொல்லிட்டு ஒரு நாளும் வரல."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ரெங்கத்தில் ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், சாப்பிட நிறுத்தினோம். மோட்டாரிலிருந்து இறங்கியதும் அக்கா கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, தண்டாஸ் எங்க?" என்று உரக்கக் கேட்டார். நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. "நீயும் போய்ட்டு வாமா. அங்க போனா வெறும் காடுதான், காளி அண்ணன் சொன்னாரு," என்று என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர்த் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான் வேலை. ஒரு கேள்வி. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு ரொட்டியைத் தின்னப் போய்விடுவார்கள்.

மேசைக்கு வந்தபோது அக்கா சாம்பாரைத் தொடாமல் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவங்கள திட்டக்கூடாதுன்னு எங்க மாமியா சொல்றாங்க. வேற யார திட்டுறது? அந்த ஓடையவா?"

"விடு வாசுகி," என்றார் காளிதாஸ் அண்ணன். "அவன் அப்படித்தான் லா. வேணாம்னா அதத்தான் செய்வான். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். சிங்கப்பூர்ல பத்தாவது மாடி, இருபதாவது மாடின்னு ஏறி லிப்ட் ரிப்பேர் பண்றவரு. அங்க ஒரு கீறல் படல. ஏன்னு கேட்டா, அங்க ரூல்ஸ கேக்காட்டி வேல போயிடும்பாரு. அப்ப கேக்கத் தெரியுந்தானே? பொண்டாட்டி புள்ளைக்காக மட்டும் கேக்க முடியாதா?"

காளிதாஸ் அண்ணன் தே தாரிக் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நானாச்சும் அவன முன்னால விடாம கூடவே வந்திருக்கலாம்," என்றார். "சாமானையெல்லாம் எடுத்து வைக்கணும், நீ போடான்னு அனுப்பிட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே? இந்தப் பிள்ள என்ன பண்ணும்?" அக்கா என் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தார். "சாப்புடு. எலும்பா இருக்க."

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கடையில் தொலைக்காட்சி ஓடியது. யாரோ மீ கோரெங் கேட்டுக் கத்தினார்கள். ரொட்டியை மென்று விழுங்கினேன்.

கஹாங்கிலிருந்து தார்ச்சாலையை விட்டுச் செம்மண் பாதைக்குள் இறங்கினோம். முந்தைய நாள் பெய்த மழையில் மண் வழுக்கியது. பழம் ஏற்றும் லாரியின் சக்கரத் தடங்கள் ஆழமாக இருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்த மேட்டில் முதல் கியரில் ஓட்டினேன். அக்கா இரண்டு கைகளாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பாதை வளையும்போது என்னோடு சேர்ந்து சாய்ந்தார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முனையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பூச்சிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. நேராகப் போகும் பாதையின் குறுக்கே இப்போது யாரோ இரண்டு மரத்துண்டுகளைப் போட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். காளிதாஸ் அண்ணன் அதைத் தாண்டி, ஓடைவரை நடக்க முடியுமா என்று பார்க்கப் போனார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் வைத்தார். மூன்று பாதைகளையும் பார்த்தார்.

"நீ எங்க நின்ன?"

இடப்பக்கப் பாதை தொடங்கும் இடத்தைக் காட்டினேன்.

"போய் நில்லு. எப்படி நின்னியோ அப்படியே நில்லு."

போய் நின்றேன். அவர் நாங்கள் வந்த வழியே திரும்பி நடந்தார். வளைவுவரை போனார். அங்கிருந்து என்னைப் பார்த்து, "கைய காட்டு!" என்றார்.

வலது கையைத் தூக்கி இடப்பக்கப் பாதையை நோக்கி நீட்டினேன்.

ஜெயபாலன் அண்ணன் வந்த தடத்தில் அவர் மெதுவாக நடந்து வந்தார். செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி வழியில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஏதாவது மட்டை மறைக்கிறதா என்று. மறைக்கவில்லை. ஓரமாக நகர்ந்து நின்றும் பார்த்தார். குனிந்து, மோட்டாரில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்திலிருந்தும் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அங்கேருந்தே தெரியுது," என்றார். "ஒன் சட்ட தெரியுது, கை தெரியுது. கண்ணு இருக்குற யாருக்கும் தெரியும்."

கை வலித்தது. இறக்கவில்லை.

"வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன் தெரியுமா? ஒரு மரம் மறைக்கணும், இல்ல வளைவு சரியில்லாம இருக்கணும், அவரு பாக்காம போயிருக்கணும்னு. பாக்கலன்னா நான் மன்னிச்சிடுவேன். அந்தப் படத்த எடுத்து மாட்டிடுவேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா பாத்துட்டுத்தான் போயிருக்காரு. எங்கள நெனச்சே பாக்கல. இன்னிக்கு வீட்டுக்குப் போயி சாந்தினிகிட்ட சொல்லிடப் போறேன். அம்மாவே நேர்ல போயி பாத்தேன், உங்கப்பா தெரிஞ்சுதான் போனாருன்னு."

நான் மட்டைக் குவியல் பக்கம் பார்த்தேன்.

"கைய எறக்குமா. போதும்," என்றார். "நீ உன் வேலைய செஞ்ச."

"இல்லக்கா," என்றேன்.

"என்ன இல்ல?"

"நான் இங்க நிக்கல."

அவருக்குப் புரியவில்லை. "வேற எங்க நின்ன?"

மட்டைக் குவியலைக் காட்டினேன். குரல் எனக்கே கேட்காத அளவு சின்னதாக வந்தது. மறுபடியும், உரக்கச் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கு ரெண்டாம் நாளு, பேட் மாத்த உள்ள போயிட்டேன்க்கா. யாரும் பாத்துடக் கூடாதுன்னு மோட்டாரையும் கொண்டுபோயி மறைச்சிட்டேன். கை காட்டுனேன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். ஆள் இல்லாட்டி நேரா போகணும், அதான் ரூல்ஸு. அண்ணன் அதக் கேட்டுத்தான் போனாரு. அவரு வந்தப்ப இந்த முனையில யாருமே இல்ல."