பத்து விரல்களோடு ஒரு கதை

1

ஒரு விரலைத் தேடிப் போன இடத்தில் கிடைத்த கதை இது. மரம் அரிகிற வட்டவாள் மேசையில் வேலை செய்கிறவருக்கு ஒரு விரலாவது குறைந்திருக்கும், அது போன விதத்தைக் கேட்டு எழுதிவிடலாம் என்றுதான் இணுவிலில் சிவகௌரியின் தச்சுப் பட்டறைக்குப் போனேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்தன. எனக்கு ஏமாற்றமாய்ப் போயிற்று. சீ, நானும் ஒரு மனிசனா! (நேரில் அவர், கதைக்குள் அவள். குறை நினைக்கவேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "இரத்தம் குடித்த வாள் போல அது..." (வேண்டாம். அது வெறும் சாம்பல் நிறம்.)

இரண்டாவது: "அன்று சிவகௌரி அவசரத்தில்..." (அவள் அவசரப்படமாட்டாள். இதிலேயே என் கதை படுத்துவிட்டது.)

மூன்றாவது: மயிலிட்டிப் பிரகலாதன் ஐந்து வேப்பம் பலகைகளோடு வந்து இறங்கினான். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு ஆமி விட்டுத் திரும்பக் கிடைத்த காணியில், அவனுடைய இடிந்த வீட்டு அறைக்குள் முளைத்து, கூரையில்லாத இடத்தால் வளர்ந்து நின்ற மரம். புது வீட்டு வாசற்கதவை அதிலேதான் செய்யவேண்டும் என்று நின்றான்.

"தங்கச்சி, புது வீட்டுக் குடிபூரலுக்கு ஒன்பது நாள்தான் கிடக்கு. கெதியாய் அரிஞ்சு தா."

"காந்தம் பிடிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம், ரெண்டு தரம். ஒண்டுமில்லை."

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் மரங்களுக்குள் ஷெல் துண்டுகள் கிடக்கும். அரியமுன் பலகை முழுக்கக் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது இங்கே வழக்கம்.) அவளும் ஒருதரம் ஓட்டினாள். எதுவும் பிடிக்கவில்லை.

3

இந்தப் பகுதியை நான் முதலில் ஒரு வரியில் முடித்திருந்தேன்: "அவள் வாளைச் சரிபார்த்தாள்." மடையன்.

அவள் பிளக்கைக் கழற்றி, தன் கண்ணுக்குத் தெரிய மேசைமேல் வைத்தாள். வாளின் பற்களில் ஒட்டிய பிசினைச் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பிரஷும் கொண்டு தேய்த்தாள். ஒரு பல்லில் சோக்கால் புள்ளி வைத்தாள். பலகையை அணைத்துப் பிடிக்கும் இரும்புத் தடுப்புக்கும் அந்தப் பல்லுக்கும் இடையை முன்பக்கம் அளந்தாள். வாளைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் அளந்தாள். பின்பக்கம் ஒரு தாள் கனம் குறைவு. தடுப்பின் நட்டை இளக்கினாள், தட்டினாள், அளந்தாள். திரும்பவும் இளக்கினாள்.

"ஒரு தாள் கனத்துக்கோ உவ்வளவு பாடு?" என்றான் பிரகலாதன்.

"பின்னாலை நெரிஞ்சால் வாள் பலகையைத் தூக்கி எறியும் அண்ணை. அதுக்குத் தாள் கனம் காணும்."

நாலாம் தரம்தான் சரிவந்தது. அரிந்த வாய் திரும்ப மூடாமல் வாளுக்குப் பின்னால் நிற்கும் தகட்டை இறுக்கினாள். பலகைக்கு மேலே ஒரு பல்லளவு மட்டும் தெரிய வாளை இறக்கி, மூடியைப் போட்டாள். அம்மாடி! என் வாழ்நாளில் ஒரு வசனத்தையும் நான் இப்படி முன்னும் பின்னும் அளந்ததில்லை.

4

இப்போது பிரகலாதன் எங்கே நிற்கிறான்? என் பிரதியில் வாளுக்கு நேர் எதிரே, தகரச் சுவரோடு சாய்ந்து. தன் மரம் அரிபடுவதை அங்கிருந்துதான் வடிவாய்ப் பார்க்கலாம். எனக்கும் வர்ணிக்க வசதி.

பிளக்கைக் கொழுவிச் சுவிட்சில் கை வைத்தவள் கையை எடுத்தாள்.

"அண்ணை, உந்த நேரிலை நிக்காதேங்கோ. இஞ்சாலை வாங்கோ."

"நான் எட்டத்தானே பிள்ளை நிக்கிறன்."

"நீங்கள் வராட்டில் நான் போடமாட்டன்."

புறுபுறுத்துக்கொண்டு வந்தான். அவளும் நேரை விட்டு இடப்பக்கம் ஒதுங்கித்தான் நின்றாள்.

5

மூன்றாவது பலகை. தள்ளுகட்டையால் பாதிவரை தள்ளியிருப்பாள். ணங்!

முழங்காலால் நிறுத்தும் பொத்தானை இடித்தாள். வாளைச் சுற்றி ஓயவிட்டாள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பலகையை எடுத்தாள். உள்ளே செம்பு நிறத்தில் ஒரு துப்பாக்கிச் சன்னம், பாதி சீவுப்பட்டு மினுங்கியது. செம்பையும் ஈயத்தையும் காந்தம் பிடிக்காது. இரண்டு தரமல்ல, நூறு தரம் ஓட்டியிருந்தாலும் பிடிக்காது.

வாளில் ஒரு பல்லைக் காணவில்லை. தகரச் சுவரில் மிளகளவு ஓட்டை, அதற்குள்ளால் வெயில் வந்தது. பிரகலாதன் போய் அதன் முன்னால் நின்றான். ஓட்டை அவன் வலது கண்ணுக்கு நேரே இருந்தது.

"என்ரை கடவுளே," என்றவன் அப்படியே குந்திவிட்டான். "பிள்ளை, நீ கூப்பிட்டிராட்டில்..."

சிவகௌரி கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டாள். பத்து விரலும் இருந்தன. அவனை அங்கே நிறுத்தியது வாளல்ல, சன்னமல்ல, நான். எடுப்பாய் இருக்கும் என்று நிறுத்தினேன்.

6

முடிவு ஒன்று: சன்னத்தைக் கெல்லி எறிந்துவிட்டு...

முடிவு இரண்டு: சன்னத்தோடேயே கதவு. குடிபூரலன்று குங்குமம் வைக்கும்போது... (அழகாய்த்தான் இருக்கிறது. அதுதான் பயமாயிருக்கிறது.)

இன்னும் இரண்டு பலகை மிச்சம். அவற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று எழுதுகிற எனக்கே தெரியாது. சிவகௌரி வேறு வாள் பூட்டி, சோக்கை எடுத்து, திரும்ப முதலிலிருந்து அளந்துவிட்டாள். மிச்சத்தை நீங்கள் எழுதலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு நேரமும் எங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வடிவாய்த் தெரிகிற இடத்தில்தானே? அவள் சுவிட்சில் கை வைக்காமல் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இஞ்சாலை வாங்கோ."