வீடு வரைக்கும்

பத்மநாபன் விழுந்த மறுநாள் காலையில் அவர் மனைவி வைதேஹி தில்லி கோல் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, ஓக்லாவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "இந்த ஆப்புக்கு யார் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார். வரவேற்பில் இருந்தவள் மதுமதியைக் கூப்பிட்டாள்.

வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குத் துணையோடு அனுப்பும் செயலி அது. பதிவு செய்தால் ஒரு துணையாள் வீடு தேடி வருவார், கைப்பிடித்துக் கூட்டிப்போவார். அந்தச் செயலி யாருக்காக, என்னென்ன செய்யவேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை மதுமதியுடையது. சாத்தூர்க்காரி. தில்லிக்கு வந்து, மூன்று கம்பெனி மாறி, இங்கேதான் முதன்முதலாகப் பெரிய பொறுப்பு கிடைத்திருந்தது.

"கண்ணுக்குக் காட்டப் போனார்," என்றார் வைதேஹி. குரல் உயரவே இல்லை. "மருந்து விட்டா எதிர்ல இருக்கறதே தெரியாது, அதுக்குத்தானே ஆள் கேட்டோம். வெளியில வந்து பார்த்தா துணைக்கு வந்த பொண்ணைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சுண்டு வாசல்லயே நின்னிருக்கார். அப்புறம் தானே போயிடலாம்னு படியில கால வச்சிருக்கார். இடுப்பு போயிடுத்தும்மா. நாளைக்கு ஆபரேஷன்."

"அந்தப் பொண்ணு ஏன் போனாங்கன்னு நான் விசாரிக்கிறேன்மா."

"விசாரிச்சு? அவளை வேலையை விட்டு எடுப்பேள். அதுக்கு நான் வரலை. ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியணும்."

மதுமதி விசாரித்தாள். அந்தப் பெண் ஓடிப்போகவில்லை. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய் உட்காரவைத்ததுமே செயலியில் 'வேலை முடிந்தது' என்று வந்து, அடுத்த வீட்டின் முகவரியும் வந்திருக்கிறது. அவள் உதவி மையத்துக்குப் போன் செய்து, தாத்தா தனியாக இருக்கிறாரே என்று கேட்டிருக்கிறாள். உங்கள் வேலை முடிந்தது, அடுத்த இடத்துக்குக் கிளம்புங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த விதி அப்படி.

அந்த விதியை மென்பொருள் டீம் மாற்றியிருந்தது, விற்பனை டீம் கேட்டதால். பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களின் பெற்றோருக்காக இந்தச் சேவையை மொத்தமாக வாங்க முன்வந்தபோது, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டால் போதும், காத்திருக்க வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்றன. விற்பனைத் தலைவர் ஜெயசீலன் வந்து கேட்டார். மதுமதி சரியென்றாள்; மாற்றிய விதி எல்லாருக்கும் ஒன்றாகவே அமைந்தது. அதற்கு முந்தின வாரம்தான் துணையாட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களிடம், கடைசிவரை கூடவே இருப்பதுதான் நம் அடையாளம் என்று பேசியிருந்தாள். இரண்டும் ஒரே செயலியில் எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவள் அவள்தான்.

திங்கட்கிழமை முதலாளி ஸ்ரீவத்ஸன் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். கரோல்பாகில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் மட்டும் பேசிப் பழகிய தமிழ், நடுநடுவே இந்தி.

"யார் மிஸ்டேக்னு சொல்லுங்கோ. ஜல்தி. எனக்கு அந்த ஃபேமிலிக்குப் பதில் சொல்லணும்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மென்பொருள் டீம் கேட்டதைச் செய்திருந்தது. உதவி மையம் விதிப்படி நடந்திருந்தது. விற்பனை டீம் தன் டார்கெட்டைத் தாண்டியிருந்தது. ஒருவர் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

"நான் பேசணும்," என்றாள் மதுமதி. "நாம யாருக்காக இதை நடத்துறோம்னு நான் யார்கிட்டயும் தெளிவாச் சொல்லவே இல்ல. வந்து கேட்டவங்ககிட்ட எல்லாம் சரி, சரின்னேன். அதான் ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கோம். இப்பச் சொல்றேன். வீட்ல இருந்து கூட்டிட்டுப் போறவங்களைத் திரும்ப வீட்ல கொண்டாந்து விடுறதுதான் நம்ம வேலை. நடுவுல எங்கயும் விடமாட்டோம். இதுக்கு ஒத்துவராத எதையும் விக்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்."

ஜெயசீலன் அவளையே பார்த்தார். "அப்போ கம்பெனிகளோட போட்ட ஒப்பந்தம்?"

"அதை விட்டுறணும்ணே."

"எல்லாத்தையுமா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

ஸ்ரீவத்ஸன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். வெளியே புகைமூட்டத்தில் எதிர்க் கட்டடம் பாதிதான் தெரிந்தது. "தேக்கோ, இங்க பாரு மது, பாதி பிசினஸ் அதுலதான் வரது. ரெண்டையும் தனித்தனியா ஓட்ட முடியாதா?"

"அதே ஆளுங்கதான் ரெண்டுக்கும் போறாங்க, ஸ்ரீ. இன்னொரு தாத்தா வாசல்ல நிப்பாரு."

இரண்டு நாள் அவன் கணக்குகளைப் புரட்டினான். மூன்றாம் நாள், வீட்டிலிருந்து கூட்டிப்போகிறவர்களைத் திரும்ப வீட்டில் விடுவதுதான் நம் வேலை என்று அவள் சொன்னதையே எல்லா டீமுக்கும் அனுப்பினான். அதனடியிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது: கம்பெனிகளுக்கு விற்கும் டீம் இந்த மாதத்தோடு கலைக்கப்படுகிறது.

அன்று சாயங்காலம் ஜெயசீலனும் மதுமதியும் வழக்கம்போல ஒன்றாகத்தான் மெட்ரோ ஏறினார்கள். இருவருக்கும் வீடு துவாரகாவில். தூத்துக்குடிக்காரரான அவர்தான் அவளை இந்தக் கம்பெனிக்குக் கூட்டிவந்தவர். ஹௌஸ் காஸ் ஸ்டேஷன் தாண்டியது.

"ஸ்ரீ என்னை வேற எடம் தேடச் சொல்லிட்டான்," என்றார் ஜெயசீலன். "என் கவலை என்னைப் பத்தி இல்ல. எனக்கு எங்கயும் கெடைக்கும்."

"அண்ணே, நான்..."

"நீ சொன்னது சரிதான். தப்புன்னு நான் சொல்லல. அந்தப் பெரியவரை நெனச்சா எனக்கும் தூக்கம் வரமாட்டேங்கு." ரயில் முனிர்காவில் நின்றது. கதவு திறந்ததும் அவர் வெளியே பார்த்தார். "இங்கனதான் வெங்கியும் வைஷ்ணவியும் ரூம் எடுத்திருக்காவ. ஊருல இருந்த வேலைய விட்டுட்டு என் பேச்சக் கேட்டு வந்த பிள்ளைய. இந்த டீமுக்குன்னே எடுத்தது." கதவு மூடிக்கொண்டது. "இதையே நீ ஆறு மாசத்துக்கு முன்னால சொல்லியிருந்தா, நான் அவங்களக் கூட்டியாந்திருக்கவே மாட்டேன் மது."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஜனக்புரியில் இறங்கி ரயில் மாறும்போது கூட்டத்தில் அவர் பழைய வழக்கப்படி அவள் பையை வாங்கிக்கொண்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு வேலை சீரானது உண்மைதான். முன்பெல்லாம் நாளெல்லாம் அவள் மேசையைச் சுற்றி நின்று, இதைச் செய்யலாமா, அதைச் சேர்க்கலாமா என்று கேட்டவர்கள் இப்போது தாங்களே முடிவெடுத்தார்கள். ஸ்கேன் தாமதமானால் துணையாளை நகர்த்தாமல் அடுத்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பினார்கள். ஒரு கம்பெனி மறுபடி விலை பேச வந்தபோது, அவளைக் கேட்காமலே முடியாதென்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்ரீவத்ஸன் அவளைப் பாராட்டினான். வருமானம் பாதியாகிவிட்டதையும் அதே மூச்சில் சொன்னான்.

அடுத்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவளுக்கு, ஜெயசீலன் கூட்டிவந்த வைஷ்ணவியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நாளைக்கு நொய்டால ஒரு இன்டர்வியூ. பழைய வேலை ஏன் போச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? நான் சரியா வேலை பாக்கலன்னு நெனச்சுருவாங்களோன்னு பயமா இருக்கு."

மதுமதி டிபன் பாக்ஸை மூடினாள். டார்கெட்டை எட்டியவள், சொன்னதைச் செய்தவள், கேட்கிற கேள்வி இது.

"நீ நல்லாத்தான் பாத்த," என்றாள். "எந்தப் பக்கம் போகணும்னு சொல்லவேண்டியவங்க லேட்டாச் சொன்னாங்கன்னு சொல்லு. யாருன்னு கேட்டா என் நம்பரைக் குடு. நானே பேசுறேன்."

"சரிக்கா," என்று வைத்துவிட்டாள் வைஷ்ணவி. அவளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று மதுமதிக்குத் தெரியவில்லை. மறுநாள் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். நொய்டாவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.