ராகிப்பின் மீனிலிருந்து ஒரு பல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மீன் தலையிலிருந்து கிடைத்தது. பதினொரு வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அவரைக்கொட்டை சூப் குடிக்கிறேன். போஸ்னியாவில் எங்கள் ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடைக்குப் பெயரே 'ராகிப்பின் மீன்'. எழுபத்தொன்பதில் ராகிப் பிடித்த மிளாடிட்சா என்ற பெரிய ஆற்று மீன். உடல் விருந்தில் தீர்ந்தது. தலை மட்டும் பலகையில், வாய் பிளந்து.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆற்றின் மேல் பனி கவிழ்ந்திருந்தது...' (அடித்துவிட்டேன். பனி விலகும்வரை நீங்கள் காத்திருக்க மாட்டீர்கள்.)

2

ராகிப்பின் மகள் ஸும்ராதான் இப்போது கடையை நடத்துகிறாள். சனிக்கிழமைதோறும் தலையை இறக்கி, எண்ணெய் தடவி, மறுபடி மாட்டுவாள். அப்படி ஒரு சனிக்கிழமை, மீன் ஆய்வாளர் பெல்மா கையில் குறடோடு வந்தாள்.

"அத்தை, ஒரே ஒரு பல்லு."

"கேக்கறதுக்கு வேற பொருளே கிடைக்கலையா உனக்கு?"

"மூணு வருஷமா மீன் துடுப்பைக் கத்தரிச்சுக்கிட்டுத் திரிஞ்சுது இந்தப் பொண்ணு," என்றார் மூலை மேசை வாடிக்கையாளர் ஹுசோ. "இப்பப் பல் வைத்தியத்துக்கு வந்துருச்சு."

அந்த மூன்று வருடத்தில் பெல்மா செய்தது இது: மிளாடிட்சாவின் மரபணுவில் பதினேழு இடங்களைக் கண்டுபிடித்து, எந்த ஆற்று மீன் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்களாக்கினாள். எங்கள் ஆற்றில் மிஞ்சியது முப்பதே மீன். அவை மற்ற ஆற்று மீன்களைப் போல இல்லை.

"ஆதியிலேருந்தே தனி வம்சமா, இல்ல கூட்டம் குறைஞ்சு சொந்தத்துக்குள்ளயே பெருகி இப்படி ஆயிருச்சான்னு தெரியணும். பழைய மீன்தான் சாட்சி. உங்கப்பா மீனை விட்டா வேற இல்ல."

ஸும்ரா மீன் தலையை அவள் பக்கம் நகர்த்தினாள். "முன்பல்லை விட்டுரு. வெளிய தெரியும்."

3

இங்கே எனக்கு ஸும்ராவின் மேல் சந்தேகம். முதல் வரைவில் அவளுக்கு எதுவுமே தெரியாது. அப்படியென்றால் பல்லைப் பிடுங்கும்போது ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்?

மாற்றுகிறேன். எழுபத்தொன்பதில் அவளுக்கு ஒன்பது வயது. வேறொரு ஆறான ட்ரினாவின் கரையில் ஒருவனிடம் ஆட்டுக்கிடாவைக் கொடுத்து ராகிப் வாங்கிய மீன் அது. ஈரச் சாக்கில் சுற்றி, வீடுவரை அவள் மடியில்தான் வந்தது. மறுநாள், ராகிப் பிடித்த மீன் என்று ஊரே கைதட்டியது. "நமக்குள்ளயே இருக்கட்டும்," என்றார் அப்பா. ராகிப் நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்த வருடம் அவருக்கு*

* காரணம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். மூன்று வருடம் ஆற்றிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவருக்குக் காரணம் எதற்கு?

4

ஐந்து வாரம் கழித்து பெல்மா துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, உங்கப்பா மீன் அசல் ட்ரினா வம்சம். அப்ப நம்ம ஆத்து மீனும் ஆதியில அதேதான். அங்கேருந்து நாலாயிரம் குஞ்சு வருது. சனிக்கிழமை நம்ம ஆத்துல விடுறோம்."

"தனி வம்சமா இருந்திருந்தா?"

"விடவே கூடாது. ரெண்டும் கலந்து, நம்ம வம்சம் அழிஞ்சே போயிரும். ஒத்தை மீனை நம்புறோமேன்னு எனக்கும் உறுத்தல்தான். ஆனா வேற சாட்சி இல்லையே."

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) ஸும்ரா சொல்லிவிடுகிறாள். ஹுசோ ஒரு மாதம் சிரிக்கிறார். கடையின் பெயர்ப்பலகை இறங்குகிறது.

ஆ) சொல்லவில்லை. பலகை அப்படியே நிற்கிறது. ஆற்றில் அந்த முப்பதும்

இ) பெல்மாவுக்கும் குஞ்சு கொண்டுவரும் லாரி டிரைவருக்கும் காதல். (பத்திரிகை ஆசிரியர் கேட்டது. கிடையாது.)

6

சனிக்கிழமை. வாசலில் மீன் குஞ்சுகளோடு தண்ணீர்த் தொட்டி லாரி. டிரைவர் உள்ளே காபி குடிக்கிறான். பெல்மா வாசற்படியில் நிற்கிறாள். ஸும்ரா வழக்கம்போல நாற்காலியில் ஏறித் தலையை இறக்குகிறாள். எண்ணெய்த் துணியை மட்டும் எடுக்கவில்லை. பல் போன இடத்தை விரலால் தடவுகிறாள்.

"என்னம்மா, இன்னிக்கு உங்கப்பன் மீனுக்கு எண்ணெய் கிடையாதா?" என்கிறார் ஹுசோ.

"பெல்மா," என்கிறாள் ஸும்ரா. "கொஞ்சம் இங்க வா."

நான் எழுதுவது இதுவரைதான். இதற்கு மேல் அவள் என்ன பேசினாலும் நான் சொல்லிக்கொடுத்தது போலிருக்கும். அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள். நிதானமாக யோசிக்கலாம், ஆனால் டிரைவரின் கோப்பையில் இரண்டு மடக்குதான் பாக்கி.